12 லாரிகள், மாதம் 27,000 லிட்டர் டீசல்: எங்கே தொடங்குவது?

அப்பாவிடமிருந்து 12 லாரிகளைப் பொறுப்பேற்றிருக்கும் நாமக்கல் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாம் 12 சக்கர வண்டிகள், பெரும்பாலும் மும்பை ஓட்டம். வாடகையில் பாதிக்கு மேல் டீசலுக்கே போய்விடுகிறது. டேங்குக்கு சென்சார் வைக்கலாமா, டீசலில் கலக்கும் திரவம் வாங்கலாமா, எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) வண்டிக்கு மாறலாமா? கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. முதலில் எதில் போடுவது? சரக்கு கொடுக்கும் கம்பெனி வேறு இந்த வருடம் கார்பன் கணக்கு கேட்கிறது. அதை எப்படிக் கொடுப்பது?"

பட்டறையில் ஸ்பேனர் பிடித்துத் தொடங்கி, பிறகு பல வருடங்கள் லாரிகளின் பராமரிப்பைக் கவனித்தவன் நான். முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு நல்ல காற்றுக் கேஜையும் ஒரு பேரேட்டையும் தவிர பெரிதாக எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். உங்கள் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் தேடும் மிச்சத்தின் பெரும்பங்கு அவர்கள் கையிலும் காலிலும்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர அவர்களுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும்.

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். ஒரு வண்டி மாதம் 9,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு 2,250 லிட்டர், 12 வண்டிக்கு 27,000 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 24 லட்சத்து 84 ஆயிரம். மைலேஜ் 4-லிருந்து 4.4 ஆனால், மாதம் சுமார் 2,450 லிட்டர் மிச்சம். பணமாக 2 லட்சத்து 25 ஆயிரம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆகவே அதே 2,450 லிட்டரில் ஆறரை டன் புகையும் குறைந்துவிடுகிறது. செலவுக்கு ஒரு திட்டம், புகைக்கு ஒரு திட்டம் என்று உங்களுக்கு இரண்டு தேவையில்லை.

இப்போது அளவு. "என் வண்டி நாலு கொடுக்கிறது" என்று எல்லா முதலாளியும் சொல்வார். எந்த லோடில், எந்த வழியில், எப்படி அளந்தது என்று கேட்டால் பதில் வராது. டேங்க் டு டேங்க் அளவுதான் நம்பத்தக்கது: புறப்படும்போது கழுத்து வரை நிரப்பி, திரும்பி வந்ததும் அதே டீசல் பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், வண்டியை அதே இடத்தில் சமமாக நிறுத்தி மறுபடி கழுத்து வரை நிரப்புவது. டீசல் நுரைக்கும். பம்ப் தானாக நின்றவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணாமல், நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி விடுங்கள். ஒரு பெரிய டேங்கில் இதனாலேயே சில லிட்டர் முன்னே பின்னே போய், நல்ல ஓட்டுநர்மேல் வீண் சந்தேகம் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேரேட்டில் ஒவ்வொரு நடைக்கும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், போகும்போது எத்தனை டன், வரும்போது எத்தனை டன், ஓட்டுநர் பெயர் இவ்வளவு இருந்தால் போதும். மூன்று மாதத்தில் எந்த வண்டி தின்கிறது, யார் ஓட்டினால் மிச்சமாகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

அடுத்தது டயர். முழு லோடில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பைவிட டயரின் உருளும் எதிர்ப்புதான் பெரிய சுமை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது; அந்த வேலைக்கான சக்தி வெப்பமாகப் போகிறது. எல்லா டயர்களிலும் காற்றழுத்தம் 10 பவுண்டு குறைந்தால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் கூடும் என்பது இத்தொழிலில் புழங்கும் கணக்கு. 110 பவுண்டு இருக்க வேண்டிய வண்டி 85-ல் ஓடினால் இரண்டரை சதவீதம் போய்விட்டது.

ஒரு நாள் விடியற்காலை, வண்டிகள் புறப்படும் முன், கேஜோடு போய் நீங்களே பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் காற்று அதிகமாகக் காட்டும்; அதனால் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். முன் டயர்கள் சரியாக இருக்கும். பின்னால் ஜோடியில் வெளி டயரும் பெரும்பாலும் சரியாக இருக்கும். உள் டயருக்கு வாருங்கள். சக்கர ஓட்டைக்குள் கையை விட்டு வால்வைத் தேட வேண்டும், சேறும் கிரீஸும் முழங்கை வரை ஏறும். அதனால்தான் அதை யாரும் அளப்பதில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு வண்டியின் உள் டயரில் 60 பவுண்டுதான் இருந்தது. கம்பியால் தட்டிப் பார்த்து "காற்று இருக்கிறது" என்று பல மாதம் விட்டிருந்தார்கள். உள் டயர் காற்றுக் குறைவாக ஓடினால் அதன் பாரமும் பக்கத்து டயர்மேல் ஏறுகிறது. அந்தப் பக்கத்து டயர் சூடாகி வெடிக்கிறது, நாம் டயர் கம்பெனியைக் குறை சொல்கிறோம். உள் வால்வை வெளியே நீட்டும் சிறு குழாய் டயர் கடைகளில் கிடைக்கும். விலை சொற்பம். 12 வண்டிக்கும் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை குளிர்ந்த நிலையில் அளந்து எழுதச் சொல்லுங்கள். இன்னும் நைலான் டயர் ஓடும் வண்டி இருந்தால், தேய்ந்ததும் ரேடியலுக்கு மாற்றுங்கள். உருளும் எதிர்ப்பு அதில் குறைவு. அலைன்மென்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். கோணலாக உருளும் டயர் ரப்பரையும் டீசலையும் சேர்த்தே தின்னும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வண்டியும் சரக்கும் சேர்த்து 35 டன். அது 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் ஒரு டிராக்டர் திரும்புகிறது, ஓட்டுநர் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து நிறுத்துகிறார். மறுபடி 60-க்குக் கொண்டுவர எவ்வளவு டீசல் ஆகும்? இயக்க ஆற்றலைக் கணக்கிட்டு, எஞ்சின் டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் சக்கரத்துக்குத் தரும் என்று கொண்டால், விடை 350 முதல் 400 மில்லி. ஏறத்தாழ 35 ரூபாய். டிராக்டர் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு 30-க்கு வந்து, நிற்காமலே கடந்துவிட்டால் அதில் கால்வாசி மிச்சம். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிறது; அந்தக் கால்வாசி உங்கள் கையிலேயே நிற்கிறது. உருண்டு வந்த தூரத்துக்கு எஞ்சின் டீசலே கேட்கவில்லை என்பதுதான் பெரிய லாபம். மும்பைக்குப் போய் வருவதில் இப்படி எத்தனை டிராக்டர், எத்தனை வேகத்தடை, எத்தனை ஊர் முனை! ஒரே வண்டியில், ஒரே வழியில், இரண்டு ஓட்டுநர்களுக்கிடையே லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒருவர் கண் 300 மீட்டர் முன்னால் இருக்கிறது, மற்றவர் கண் முன் வண்டியின் பின் பலகையில் இருக்கிறது.

வேகமும் அப்படித்தான். ஒரே தூரத்துக்குக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 60-ல் இருப்பதைவிட 80-ல் முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். லோடு இல்லாமல் திரும்பும் வண்டியை "காலி வண்டிதானே" என்று விரட்டுவார்கள். லேசான வண்டியில் காற்றின் பங்குதான் பெரிது, அங்கே விரட்டினால் இழப்பும் பெரிது. படபடக்கும் தார்ப்பாயும் அதே கணக்கில் சேரும். இழுத்துக் கட்ட பத்து நிமிடம்தான் ஆகும். ஆர்பிஎம் முள்ளைப் பச்சைப் பட்டையில் வைத்து, முடிந்தவரை மேல் கியரில் ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்த பாடம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தொப்பூரை மட்டும் விட முடியாது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தக் கணவாயில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது, எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். இன்றைய எஞ்சின்களில் அப்போது டீசல் முற்றிலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள டீசல் கேட்கும். ஆக நியூட்ரலில்தான் டீசல் செலவாகிறது. அதோடு 35 டன்னையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் பழுக்கக் காய்ந்தால் லைனிங் பிடிக்காது. எஞ்சினை அணைத்துவிட்டாலோ பிரேக்குக்கு வேண்டிய காற்றைக் கம்ப்ரஸர் நிரப்பாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். இதை ஒவ்வொரு ஓட்டுநரிடமும் நீங்களே, முதலாளியாக, நேரில் சொல்ல வேண்டும்: "இறக்கத்தில் கியரை எடுக்காதீர்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள், நேரம் ஆனால் ஆகட்டும்." அந்த ஒரு சொல்லை முதலாளி வாயிலிருந்து கேட்டால்தான் அவர் நம்புவார். ஏனென்றால், குறைந்த மைலேஜுக்குத் திட்டு வாங்கிய பயத்தில்தான் பலர் நியூட்ரல் போடவே கற்றுக்கொண்டார்கள்.

இதனால்தான் ஊக்கத்தொகையை யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன். சிலர் ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று பேசி விட்டுவிடுகிறார்கள். மிஞ்சினால் ஓட்டுநருக்கு, போதாவிட்டால் அவர் படியில் பிடித்தம். மிஞ்சியதை அவர் சாலையோரத்தில் பாதி விலைக்கு விற்கிறார், போதாதபோது உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கிறார். முதலாளிக்கு உண்மையான மைலேஜ் கடைசி வரை தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் மூன்று மாதப் பேரேட்டின் சராசரியை அந்த வண்டிக்கும் அந்த வழிக்கும் அடிப்படையாக வையுங்கள். அதற்கு மேல் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரின் விலையிலும் பாதியை அந்த நடை முடிந்த அன்றே கையில் கொடுங்கள். குறைந்தால் பிடித்தம் வேண்டாம். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பாதி நேரம் வண்டியில் கோளாறு இருக்கும். மிச்சமானதற்காக அடுத்த மாதம் அடிப்படையை உயர்த்திவிடாதீர்கள். அதைச் செய்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது. பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் நாளுக்கும் படி கொடுத்து அனுப்புங்கள்.

நின்றுகொண்டு ஓடும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். வண்டிக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், 12 வண்டிக்கு மாதம் 25 நாளில் 900 லிட்டர். நீண்ட ஓட்டத்துக்குப் பின் டர்போ ஆற ஓரிரு நிமிடம் விட்டு அணைத்துவிடலாம். ஆனால் ஓட்டத்தின்போது ஏசியை நிறுத்தச் சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு கேபின் ஏசியை அரசு கட்டாயமாக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 45 டிகிரியில் வெந்துகொண்டு ஓட்டும் மனிதரால் 300 மீட்டர் முன்னால் பார்க்க முடியாது.

பட்டறை வேலைகளில் மூன்றைச் சொல்கிறேன். ஏர் ஃபில்டரை எப்போதும் அழுத்தக் காற்றால் ஊதி ஊதிப் போடாதீர்கள். காகிதம் கிழிந்தால் தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். வண்டி பிரேக் போடாமல் உருண்டு வந்து நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மூன்றாவது, யூரியா. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்க 32.5 சதவீத யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுபவர்களும், ஒரு கருவியைச் செருகி அந்த அமைப்பையே ஏமாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். முன்னது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கெடுத்து லட்சக்கணக்கில் செலவு வைக்கும். பின்னது, உங்கள் வண்டி போகும் ஊர்களில் சாலையோரம் குடியிருக்கும் குழந்தைகளின் நெஞ்சில் போய்ச் சேரும். இரண்டையும் உங்கள் கேட்டுக்குள் விடாதீர்கள்.

டீசலில் கலக்கும் திரவம், குழாயில் மாட்டும் காந்தம் ஆகியவற்றுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. விற்பவர் வற்புறுத்தினால், ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே லோடு, போட்டுப் பத்து நடை, போடாமல் பத்து நடை, டேங்க் டு டேங்க் அளந்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். சென்சாரை நான் எதிர்க்கவில்லை. புதிய வண்டிகளில் கம்பெனியே தரும் தகவல் வசதி ஏற்கெனவே இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். பேரேடு பார்க்கும் பழக்கம் வந்த பிறகு சென்சார் வாங்கினால் பயன்படும். அதற்கு முன் வாங்கினால் அது ஓட்டுநருக்கும் உங்களுக்கும் நடுவே சண்டை மூட்டும் பெட்டி.

இனி நீங்கள் கேட்காத ஒன்று: காலியாகத் திரும்பும் ஓட்டம். 20 டன் ஏற்றி 1,200 கிலோமீட்டர் போகிறீர்கள், லிட்டருக்கு 4 என்றால் 300 லிட்டர். காலியாகத் திரும்பினால் லிட்டருக்கு 6 கிடைக்கலாம், இருந்தாலும் 200 லிட்டர் போகிறது. மொத்தம் 500 லிட்டரில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ 21 மில்லி. அதே வண்டி 20 டன் ஏற்றித் திரும்பினால் மொத்தம் 600 லிட்டர், ஆனால் டன் கிலோமீட்டருக்கு 12.5 மில்லிதான். 40 சதவீதம் குறைவு. எந்த டயரும் எந்த ஓட்டுநரும் இவ்வளவு தர முடியாது. "இவ்வளவு குறைந்த வாடகைக்கு ஏற்றுவதா" என்று ரிட்டர்ன் லோடை விட்டுவிட்டுக் காலியாக ஓடி வருவதற்கு முன், காலி ஓட்டத்தின் 200 லிட்டரையும் டோலையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நாள் காத்திருந்தாலும் லாபமாக இருக்கும் நடைகள் உண்டு. அதற்காக அளவுக்கு மீறி ஏற்ற வேண்டாம். 2018-ல் அச்சு எடை வரம்பை அரசே உயர்த்திவிட்டது; அதற்குள் முழுதாக ஏற்றினாலே போதும்.

எல்என்ஜி உங்களுக்கு இப்போது அவசரமில்லை. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வைத்த வாயு அது. வண்டி லோடுக்காக நாள் கணக்கில் நின்றால் ஆவியாகி வெளியேறத் தொடங்கும். எரியாமல் கசியும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றக் கூடியது. ஒரே வழியில், இரு முனையிலும் பங்க் இருக்க, நிற்காமல் ஓடும் ஒப்பந்தம் கிடைத்தால் யோசிக்கலாம். மின்சார லாரி 1,200 கிலோமீட்டருக்கு இன்னும் தோதாகவில்லை. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு, ஆலையிலிருந்து டெப்போவுக்கு என்று தினம் போய் வரும் குறுகிய ஓட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மத்திய அரசு ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை சலுகை அறிவித்திருக்கிறது. அதற்குப் பழைய வண்டியை உடைத்த சான்று வேண்டும். உங்கள் 12-ல் மிகப் பழையது ஒன்றை எப்போதாவது உள்ளூர் ஓட்டத்துக்கு மாற்ற நினைத்தால், அன்று இதைப் பாருங்கள்.

கார்பன் கணக்கு. பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. உங்களிடம் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அதற்காகத்தான். இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்தக் கம்பெனியின் சரக்குக்காக ஓடிய நடைகளைப் பேரேட்டிலிருந்து எடுங்கள். லிட்டரை 2.68-ஆல் பெருக்கினால் கிலோவில் கரியமில வாயு. டன்னையும் கிலோமீட்டரையும் பெருக்கிக் கூட்டினால் டன் கிலோமீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் போடுங்கள். மேலே சொன்ன நடையில் காலியாகத் திரும்பினால் 56 கிராம், லோடோடு திரும்பினால் 33 அல்லது 34 கிராம் வரும். அந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி அனுப்பி, கூடவே இதையும் கேளுங்கள்: "மும்பையிலிருந்து திரும்பும்போது உங்கள் சரக்கையே எங்களுக்குக் கொடுக்க முடியுமா?"